கோட்டுக்கு இந்தப் பக்கம் ரெண்டு விரல்

தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மடியில என்ன டப்பா, கேமராவா? இன்னும் பிரிக்கலியே? நல்ல வேளை. பில்லு பத்திரமா இருக்கட்டும். நான் சொல்லுதத கேட்டுட்டு அப்புறம் பிரிங்க. நான் யாருன்னு கேப்பிய. ஆறுமுகநயினார். நயினார் ஸ்டுடியோன்னு எங்க பஜார்ல கேட்டா யாரும் காட்டுவாங்க. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எழவு வீடு, எல்லாம் நம்ம கைதான். இப்ப இந்த பஸ்ஸுல கோர்ட்டுக்குப் போயிட்டிருக்கேன். எனக்கு நடந்த அநியாயம் இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்கும் நடக்கக்கூடாது. கேமரா வாங்குதவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கிட வேண்டிய விசயம், அதனாலதான் ஒங்ககிட்ட சொல்லுதேன்.

எங்கிட்ட ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருந்திச்சு. ரஷ்யாக்காரன் செஞ்சது. கப்பல்ல வேல பாத்த ஒருத்தர்ட்ட வாங்குனேன். முழுக்க இரும்பு. நெத்தியில எறிஞ்சா ஆளு அங்கனயே செத்துருவான், அம்புட்டு கனம். ஃபிலிம் போடுத கேமராதான், ஆனா அமுக்குன நேரத்துல படம் விழும். அதுல ஒரு விசேஷம் என்னன்னா, நாம பாக்குத ஜன்னல் மேல ஓரத்துல தனியா இருக்கும், படம் புடிக்குத லென்சு கீழ தனியா இருக்கும். ஜன்னல்ல பாத்தா ஒரு ஆளு ரெண்டாத் தெரிவான். லென்சத் திருகித் திருகி ரெண்டையும் ஒண்ணாக்கணும். ஒண்ணாச் சேந்த உடனே அமுக்கணும். என் பொண்டாட்டி சொல்லுவா, என் மூஞ்சிய என்னைக்காவது இப்படி உத்துப் பாத்திருப்பியளான்னு. பாத்ததில்ல. அவ ஓடியா போயிருவா, வீட்லதான கெடக்கா.

அப்படிப்பட்ட கேமராவும் ஒரு நா கழுத்தறுத்திட்டு. ஒரு கல்யாணத்துல தாலி கட்டுத நேரம் பாத்து ஃபிலிம் உள்ள சிக்கிக்கிட்டு. மாப்பிள்ளைக்குச் சித்தப்பன் எல்லாரு முன்னாலயும் என் செவிட்டுல ஒண்ணு விட்டான். நானும் சும்மா விடுத ஆளில்ல, அவன் குரல்வளையப் புடிச்சேன். பந்தியில உருண்டோம். சாம்பார் வாளி கவுந்து எவனுக்கோ கால் வெந்துட்டு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன், பெருசு மக்கர் பண்ணுனா கை குடுக்க சட்டப்பைக்குள்ள சின்னதா ஒண்ணு கெடக்கணும்னு. அப்பத்தான் டிஜிட்டல் கேமரா ஊருக்குள்ள வர ஆரம்பிச்ச நேரம்.

ஜங்ஷன்ல ஒரு கடையில மூணு எடுத்து வச்சான். ஒண்ணு தீப்பெட்டி கணக்கா அழகா இருந்திச்சு, ஆனா அதுக்குன்னு தனி பேட்டரி. அது செத்துட்டா பட்டிக்காட்டுல வச்சு எவன்கிட்ட போய் கேக்க? இன்னொண்ணுல லென்சு குழாய் மாரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். நாம போற எடத்துக்கு ஒரு இடி தாங்காது, முறிஞ்சிரும். மூணாவதுதான் எனக்குப் புடிச்சிச்சு. கறுப்பு. பெட்டிக்கட பேட்டரி போட்டாப் போதும். கண்ண வச்சுப் பாக்க ஒரு ஓட்டையும் இருந்திச்சு. நமக்கு ரேஞ்ச்ஃபைண்டர் பழக்கம், கையி ரெண்டையும் நீட்டிக்கிட்டு மொகம் பாக்குத கண்ணாடி மாரி புடிக்கதெல்லாம் நமக்கு வராது. எடுத்த படம் அப்பவே பின்னால தெரியும். வேற என்ன வேணும்?

கட வாசல்ல நின்னு ஒரு ஆட்டோவ எடுத்துப் பாத்தேன். ஆட்டோ முன்னால வரும்போதுதான் அமுக்குனேன். படத்துல பாத்தா வெறும் ரோடு கெடக்கு. என்னய்யா இதுன்னு கேட்டேன். அது அப்படித்தான் அண்ணாச்சி, அமுக்குனா கொஞ்சம் யோசிச்சுத்தான் எடுக்கும், கல்யாணத்துல எல்லாரும் செல மாரி நிக்கப் போறாங்க, ஒங்களுக்கு என்னன்னான். அதுவும் சரிதான்னு வாங்கிட்டு வந்துட்டேன். அங்கதான் எனக்கு சனி பிடிச்சிச்சு. அந்தக் கடக்காரன இன்னைக்கு கண்டாலும் கன்னத்துல ரெண்டு வைக்காம விடமாட்டேன். ஒங்க டப்பாவுக்குள்ள இருக்கதும் யோசிக்குத ஜாதியா என்னன்னு பாத்தியளா? பாத்திருக்க மாட்டிய.

ஆடி மாசம் ஆலடிவிளையில கபடிப் போட்டி வச்சாங்க. பரிசு குடுக்குதத படம் எடுக்க என்னைய கூப்பிட்டாங்க. தேரிக்காட்டு ஓரம், செம்மண்ணு. ஆடிக் காத்துல மண்ணு மூஞ்சியில அறையும். கடைசி ஆட்டம் ஆலடிவிளைக்கும் முத்தம்பேரிக்கும். பக்கத்துப் பக்கத்து ஊரு, பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குத ஊரு, அதனாலயே ஒருத்தன ஒருத்தன் கண்டா ஆகாது. ஆலடிவிளையில லிங்கதுரைன்னு ஒரு கொத்தனாரு. கபடி பாடிப் போனாம்னா தொடாம திரும்ப மாட்டான். அவன் பொண்ணு எடுத்தது முத்தம்பேரியில. பொண்டாட்டி பேரு தங்கபுஷ்பம். அவ அண்ணன் சேர்மக்கனிதான் முத்தம்பேரி டீமுக்குத் தலைவன். மாப்பிள்ளையும் மச்சினனும் எதிரெதிரா நிக்காங்க. ஆலடிவிளைக்குத் தலைவன் கொம்பையா. லாரி ஓட்டுதவன். அவன் தோள்ல கைய போட்டாம்னா நமக்கு முட்டி மடங்கும்.

விசில் ஊதுதது தவமணி சார். பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரு, பாவம், சாதுவான மனுசன். சாயங்காலம் மொத ஆட்டத்துல ஒருத்தன் கோட்டுக்கு வெளிய போனானா போகலியான்னு சண்ட வந்திச்சு. நான் அந்த நேரம் சின்னதுல ஒரு படம் எடுத்திருந்தேன். சார், இந்தா பாருங்கன்னு பின்னால காட்டுனேன். கால் வெளிய கெடக்கு. அம்புட்டுத்தான், ஊரே வாய மூடிக்கிட்டு. டிவியில கிரிக்கெட்டுக்கு மூணாவது அம்பயர் இருக்கான்லா, அந்த மாரி என்னைய ஆக்கிட்டாங்க. நடுக்கோட்டுக்கு நேரா சாருக்குப் பக்கத்துல சேர் போட்டாங்க. கலர் சோடா ஒடச்சுக் குடுத்தாங்க. மைக்ல ஒருத்தன், நயினார் அண்ணாச்சி கேமரா பொய் சொல்லாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நான் சொன்னதுல ரெண்டு மூணு முன்னப் பின்ன இருந்திருக்கும், மிசினு பைய யோசிச்சு எடுக்குதுல்லா. அதுக்கு நான் என்ன செய்ய முடியும், படத்துல உள்ளதத்தான காட்ட முடியும். பொய் சொல்லக்கூடாதுல்லா.

கடைசிப் பாட்டு. ரெண்டு டீமும் சமம். லிங்கதுரை பாடிப் போறான். எனக்கு இந்த ஆட்டத்த பெருசுல எடுக்கணும்னு ஆச. சின்னத மடியில வச்சுட்டு ரேஞ்ச்ஃபைண்டர கண்ணுல வச்சேன். லிங்கதுரை உள்ள பாஞ்சு மச்சினன் தோள்லயே ஒரு அறை அறஞ்சான். திரும்புததுக்குள்ள மூணு பேரு மேல விழுந்துட்டாங்க. ஒருத்தன் காலக் கடிக்கான், நான் பாத்தேன், பல்லு பதிஞ்சு ரத்தம் வருது. லிங்கதுரை அந்த மூணு பேரையும் முதுகுல சொமந்துக்கிட்டு தவழுதான். பாட்டு நிக்கல. கைய நீட்டுனான். மூணு விரலு நடுக்கோட்டு மேல. சுண்ணாம்புப் பொடி நகத்துக்குள்ள போனது வரைக்கும் நான் பாத்தேன். ஜன்னல்ல ரெண்டு உருவமும் ஒண்ணாச் சேந்து நிக்கி. அமுக்குனேன். விழுந்திட்டு படம், இத பேப்பர்காரன்கிட்ட குடுத்தா மொதப் பக்கத்துல போடுவான்னு நெஞ்சு சொல்லுது. அதோட சின்னதையும் எடுத்து அதுலயும் அமுக்குனேன். அது யோசிச்சிச்சு. அது யோசிக்குததுக்குள்ள அவன இழுத்துப் போட்டுட்டாங்க.

சார் விசில் ஊதி, தொட்டான்னு கைய தூக்குனாரு. ஆலடிவிளைக்காரன் பட்டாசக் கொளுத்துதான். சேர்மக்கனி ஓடிவந்து, தொடல, தொடவே இல்ல, படத்தக் காட்டுங்கன்னான். சார் என்னையப் பாக்காரு. நான் காட்டுனேன். படத்துல கை கோட்டத் தொடாம, கோட்டுக்கு இந்தப் பக்கம் ரெண்டு விரல் தள்ளிக் கெடக்கு. பாட்டு நின்னுபோன மாரி வாயும் மூடியிருக்கு.

இது பிந்தி எடுத்த படம்னு நான் சொல்லியிருக்கலாமேன்னு கேப்பிய. எப்படிச் சொல்ல? இது பிந்தின்னா சாயங்காலத்துலேர்ந்து காட்டுன அம்புட்டும் பிந்திதானன்னு கேப்பான். தோத்துப்போன ஊர்க்காரன் பூரா அங்கனதான் நிக்கான். தோல உரிச்சு உப்பத் தடவியிருப்பாங்க. சார் படத்தப் பாத்துட்டு, தொடலன்னு மாத்திச் சொன்னாரு. சொல்லி வாய மூடல, ஆலடிவிளைக்காரன் ஒருத்தன் விசிலோட சேத்து அவர் வாயில குத்துனான். முன்பல்லு ரெண்டும் விசிலும் ஒண்ணா மண்ணுல விழுந்திச்சு.

அப்புறம் கேக்கணுமா. பந்தக்காலப் புடுங்கிட்டாங்க. கலர் பாட்டிலு பறக்குது. டியூப் லைட்டக் கழட்டி ஒருத்தன் மண்டையில போட்டான், வெள்ளப் பொடி பூசுன மாரி நின்னான், கொஞ்ச நேரத்துல அந்த வெள்ளையெல்லாம் செவந்திட்டு. ஒரு ஆளு காதக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுனான், காது பாதி தொங்குது. நான் ரெண்டு கேமராவையும் வயித்தோட அணைச்சுக்கிட்டு சேருக்கு அடியில கெடந்தேன். என் முதுகுல எத்தன பேரு மிதிச்சான்னு தெரியாது. மூச்சு வாங்கிக்கிட்டு எல்லாவனும் வெலகி நிக்கும்போது சேர்மக்கனி கோப்பையத் தூக்கிக்கிட்டு, நெத்தியில ரத்தம் ஒழுக ஒழுக, ஒரு கேலி பண்ணுனான். எங்க மச்சான் எங்கள விட்டுக் குடுப்பாரா, பொண்ணெடுத்த ஊருல்லான்னான். கட்டுன மொறையில பேசுத பேச்சுதான். எல்லாவனும் சிரிச்சான்.

கொம்பையா சிரிக்கல. திரும்பி லிங்கதுரையப் பாத்தான். ஏலே, மாமனார் வீட்டுக்காவ கைய சுருக்கிட்டியாலேன்னு கேட்டான். இல்லண்ணே, தொட்டேண்ணே, அம்மன் மேல சத்தியமா தொட்டேன்னு அவன் வெரல நீட்டிக் காட்டுதான், நகத்துல சுண்ணாம்பு இருக்கு. மண்ணுல பொரண்டவன் எல்லாவன் கையிலயுந்தான் சுண்ணாம்பு இருக்குன்னு சொல்லி கொம்பையா ஒரு மிதி மிதிச்சான். அதோட டீம்ல உள்ளவன் எல்லாவனும் மிதிக்கான். காலையில வரைக்கும் ஒரே எலையில தின்னவங்க. பன்னியப் போட்டு அடிக்குத மாரி அடிச்சாங்க. அந்த அடியிலயும் அவன் என்னையத்தான் தேடுதான். அண்ணாச்சி, பெரிய கேமராவ கண்ணுல வச்சு அடிச்சியள, நான் பாத்தேனே, அதுல இருக்கும், அந்த ஃபிலிமக் கழுவிப் பாருங்கன்னு கத்துனான்.

தூக்குன கால அந்தரத்துல நிறுத்திட்டு கொம்பையா என்னையப் பாத்தான். அதுல இருக்காவே? இருக்கும்னேன். நெசமா நம்பித்தான் சொன்னேன். சரி, கழுவிட்டு வாங்க, அது வரைக்கும் இவன் மேல கை வைக்கலன்னான். தங்கபுஷ்பம் ராத்திரியோட ராத்திரியா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவோம்னு அழுதிருக்கா. லிங்கதுரை வரமாட்டேன்னுட்டானாம். ஓடிப்போனா தொடலன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாரி ஆயிரும், நாளைக்கு அண்ணாச்சி படம் வந்திரும்னு சொல்லிட்டு வீட்லயே இருந்திருக்கான்.

இப்ப ஒண்ணு சொல்லுதேன். நீங்க அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போற ஆளு, அதனால சொல்லுதேன். எங்க ஊருப்பக்கம் இது காதுல விழுந்திச்சுன்னா நான் மனுசனா இருக்கமாட்டேன், பாத்துக்கிடுங்க. ஃபிலிமக் கழுவித் தொங்கப் போட்டேன். மொத ஆட்டமெல்லாம் பளிச்சுன்னு விழுந்திருக்கு. கடைசி ஆட்டம் ஒண்ணுகூட இல்ல. வெறும் கண்ணாடி மாரி கெடக்கு. அந்தச் செம்மண்ணுக் காத்துக்கு பயந்து நடுவுல லென்சுக்கு மூடி போட்டிருக்கேன். கழட்டல. வேற கேமரான்னா கண்ண வச்ச உடனே இருட்டாத் தெரியும், மூடி போட்டிருக்குன்னு வெளங்கிரும். ரேஞ்ச்ஃபைண்டர்லதான் பாக்குத ஜன்னலு வேறயாச்சே. நமக்கு எல்லாம் தெளிவாத் தெரியும், லென்சுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இது என் தப்பில்ல, கேமராவோட அமைப்பு அப்படி. இத வச்சிருக்குத எல்லாவனுக்கும் நடக்கும். ஆனா ஊர்க்காரனுக்கு இது வெளங்குமா? நயினாரு மூடியக் கழட்டாம படம் புடிச்சானாம்னு சிரிப்பான். டீக்கடைக்கு டீக்கட சிரிப்பான். அதோட ஒருத்தனும் கல்யாணத்துக்கு என்னையக் கூப்பிடமாட்டான்.

ஆலடிவிளைக்குப் போனேன். போகாம இருக்க முடியாதுல்லா. பஸ் ஸ்டாப்புல சிமெண்டு பெஞ்சுல எல்லாவனும் உக்காந்திருக்கான். லிங்கதுரையும் நிக்கான், மூஞ்சி வீங்கிப் பூசணிக்கா மாரி இருக்கு, என்னையக் கண்ட உடனே சிரிக்கான். வந்துட்டிய அண்ணாச்சின்னான். கொம்பையா ஒரே பேச்சா கேட்டான். தொட்ட மாரி படம் இருக்கா இல்லியா? இல்லன்னேன். நான் சொன்னதுல பொய் இருக்கா? நீங்களே சொல்லுங்க. இருந்தாத்தான இருக்குன்னு சொல்ல முடியும்?

லிங்கதுரைக்கு சிரிப்பு அப்படியே மொகத்துல நிக்கி. கிட்ட வந்தான். அண்ணாச்சி, படம் கெடக்கட்டும், நீங்க கோட்டுக்கு நேராத்தான இருந்திய, ஒங்க கண்ணால பாத்தியளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கன்னான். என் கையப் புடிச்சான். அவன் கை சூடா இருந்திச்சு. நான் கொம்பையாவப் பாத்தேன். அவன் கையில கடப்பாரை இருக்கு. நான் போட்டோக்காரன்யா, படத்துல உள்ளதத்தான் பேசுவேன், கண்ணால பாத்ததையெல்லாம் பேச ஆரம்பிச்சா எனக்கு இந்தத் தொழில் எதுக்குன்னேன். தொழில் சுத்தம்னு ஒண்ணு இருக்குல்லா தம்பி.

நாலு பேரு லிங்கதுரைய அமுக்கி, வலது கைய சிமெண்டு பெஞ்சு மேல நீட்டி வச்சாங்க. தொடாத கைதானல, ஒனக்கு எதுக்குன்னு கொம்பையா கேட்டான். கடப்பாரைய ஒரே போடு. காஞ்ச பனமட்டைய மிதிச்சா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். எலும்பு தோலக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து நிக்கி. அவன் கத்தல. வாயத் தொறந்தான், சத்தம் வரல. ரெண்டாவது போடு முழங்கையில விழுந்திச்சு, அப்பத்தான் கத்துனான். கொத்தனாரு கை. கரண்டி புடிச்ச கை. நான் கண்ண மூடிக்கிட்டேன், நமக்கு ரத்தம் ஆகாது.

இனிமேதான் என் கத இருக்கு. தங்கபுஷ்பம் ஓடி வாரா. புருசன் அங்கன துடிச்சிக்கிட்டுக் கெடக்கான், ஒரு பொம்பள மொதல்ல எங்க போவா? அவன்கிட்ட போகல. நேரா எங்கிட்ட வந்தா. என் கழுத்துல கெடந்த ரேஞ்ச்ஃபைண்டர வாரோட புடிச்சு ஒரு இழு. கழுத்து அறுந்திட்டு, இந்தா பாருங்க தழும்பு. ஒங்க கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேட்டுக்கிட்டே அந்த சிமெண்டு பெஞ்சுல, புருசன் ரத்தம் கெடக்குத எடத்துலயே ஓங்கி ஓங்கி அடிச்சா. லென்சு தனியாத் தெறிச்சு ஓடுது. இரும்பு கேமரா, ரஷ்யாக்காரன் செஞ்சது, அதச் சப்பட்டையாக்கிட்டா. நான் அவ மயித்தப் புடிச்சு இழுத்து மூஞ்சியில ரெண்டு விட்டேன். பொம்பளன்னு பாத்தா முடியுமா? விழுந்தா. எந்திரிச்சா. என் மணிக்கட்டக் கடிச்சா. மூணு பேரு சேந்துதான் அவ வாயிலேர்ந்து என் கைய எடுத்தாங்க.

எனக்கு அழுக வந்திட்டு. நெசமா அழுதேன். என்ன பாவம் பண்ணுச்சு அந்தக் கேமரா? கடப்பாரையத் தூக்குனவன விட்டுட்டு, கேமராவ ஒடைக்குதது என்ன நியாயம்? இன்னைக்கு அந்த மாரி ஒண்ணு தேடுனாலும் கெடைக்காது. லிங்கதுரை கைய டாக்டரு முழங்கைக்கு மேல எடுத்துட்டாரு. இடது கைய வச்சு எங்கயோ வாட்ச்மேன் வேல பாக்கான்னு கேள்வி. ஆனா கைக்கு கேஸு இல்ல. ஆசுபத்திரியில போலீஸ் வந்து கேட்டதுக்கு, சாரத்துலேர்ந்து விழுந்துட்டேன்னு அவனே சொல்லிட்டான். அந்த ஊருல குடியிருக்கணும்லா, வேற என்ன சொல்லுவான். கேமராவுக்குத்தான் கேஸு. நான்தான் குடுத்தேன். விடுவனா? அவளப் புடிச்சிட்டுப் போயி உள்ள வச்சு, அப்புறம் ஜாமீன்ல விட்டாங்க. கைப்பிள்ளையோட வாய்தா வாய்தாவுக்கு வந்து நிக்கா. வரட்டும். இன்னைக்கு என் சாட்சி.

சின்னது நல்லாத்தான் இருக்கு, இந்தா பையில கெடக்கு. அந்தப் படத்த இன்னும் அழிக்கல. பாருங்க, எம்புட்டு தெளிவா விழுந்திருக்கு. வெரல எண்ணலாம். வெளிச்சம் கொறஞ்ச நேரத்துல இப்படி எடுக்க முடியும்னா சாமானத்தக் குத்தம் சொல்ல முடியாது. என்ன, கொஞ்சம் யோசிக்கும். அதனால ஒங்க டப்பாவ பிரிச்ச உடனே ஓடுத வண்டி எதையாவது எடுத்துப் பாருங்க. வண்டி விழுந்தா வச்சுக்கிடுங்க, வெறும் ரோடு விழுந்தா அந்தாக்கில திருப்பிக் குடுத்துருங்க.

ஸ்டாப்பு வந்துட்டா? இருங்க, ஒரு நிமிசம், இதையும் கேட்டுட்டுப் போங்க. அவ வக்கீலு ஒரு பொடியன். போன வாய்தாவுல வராந்தாவுல வச்சு எங்கிட்ட கேக்கான், என் கட்சிக்காரர் ஒங்க கேமராவ ஒடைச்சதுக்கு ஆதாரம் என்ன, படம் இருக்கான்னு. என்ன திமிரு பாருங்க. ஒடைபடுத கேமரா தன்னையவே படம் எடுக்குமா? அவன் சட்டையப் புடிச்சிட்டேன். படம் எதுக்குவே படம், நான் பக்கத்துல நின்னு என் ரெண்டு கண்ணால பாத்தேன், கண்ணுக்கு மிஞ்சுன சாட்சி இந்த ஒலகத்துல என்ன இருக்குன்னு கேட்டேன். இன்னைக்கு கூண்டுல ஏறியும் அதத்தான் சொல்லப் போறேன்.